தம்பிக்கு ஸ்டியரிங் கொடுக்கக் கூடாது

17-2-66 வியாழன்

காலையில் பனி, பகலில் நல்ல வெயில். சிங்காநல்லூர் பட்டறையில் பியட் காரைப் பிரித்துப் போட்டிருக்கிறது. எடை குறைக்கப் பின் சீட் கழற்றியாயிற்று. வாங்க வேண்டியது: பிளக், கிரீஸ், எனக்குத் தலைவலி மாத்திரை.

ஞாயிறு பந்தயம். போன மாதம் நான் காரைக் குப்புறக் கவிழ்த்த அதே பழைய விமான ஓடுதளம், அதே மூன்றாவது திருப்பம். விலா எலும்பு ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. கண்ணை மூடினால் தரை மேலே, வானம் கீழே.

சாப்பிடும்போது அப்பா: "முடியலீன்னா சொல்லிப்போடு கண்ணு. சின்னவன் ஓட்டட்டும்."

சின்னவன், என் தம்பி ரங்கன். பத்தொன்பது வயது. பிரேக் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ஓட்டுவான். அந்த சீட்டில் ஏறினால் பிணமாகத்தான் இறங்குவான். "நானே ஓட்டறனுங்க" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. சோற்றில்தான் சாம்பாருக்குப் பதில் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன்.

18-2-66 வெள்ளி

பயிற்சி ஓட்டம். மூன்றாவது திருப்பம் வெகு தூரத்தில் இருக்கும்போதே கால் தானாகப் பிரேக்கை மிதிக்கிறது. காலைத் திட்டினேன். கேட்கவில்லை.

மெக்கானிக் காதர் பாய் சக்கரத்தைக் கழற்றினார். "ஏனுங்க, பிரேக் லைனிங் பூராத் தேஞ்சு போச்சுங்களே. ரேஸ் ஓட்டுனீங்களா, ஊட்டி மலை எறங்குனீங்களா?"

ரங்கன் காதில் விழுந்துவிட்டது. "அண்ணா, பயமா இருந்தா எங்கிட்டக் குடுத்துருங்க." கேலி இல்லை, ஆசை. கேலியாக இருந்தால் தேவலை.

19-2-66 சனி

முடி வெட்டிக்கொண்டேன். ஹெல்மெட் வாருக்குப் புதுத் தையல். நான் செத்தால் அம்மா என்ன செய்வாள் என்று நினைத்தேன். பிறகு ரங்கன் செத்தால். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

20-2-66 ஞாயிறு

அமாவாசை. காருக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்துக் கிளம்பினோம். திருப்பங்களில் மில் கழிவுப் பஞ்சு மூட்டை அடுக்கியிருந்தார்கள். மொத்தம் ஐந்து கார்.

கொடி விழுந்தது. திருப்பத்துக்குத் திருப்பம் பிரேக். எல்லோரும் தாண்டிப் போனார்கள். கூட்டத்தில் ஒருவன், "மாட்டு வண்டி வருதுங்கோ, வழி உடுங்க."

ஒரு கார் ரேடியேட்டர் கொதித்து நின்றுபோனது. கடைசிச் சுற்று, மூன்றாவது திருப்பம். முன்னால் போன இருவர் உரசிப் பஞ்சு மூட்டைக்குள் புகுந்தார்கள். அடுத்தவனும் நிறுத்த முடியாமல் அவர்கள் மேலேயே மோதினான். நான்தான் பயந்து பயந்து வந்துகொண்டிருந்தேனே. ஒதுங்கிப் போனேன். முதலிடம்.

மூவருக்கும் சிராய்ப்போடு போயிற்று. நான் காருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். இனி ஓட்ட வேண்டாம், காரை விற்றுவிடலாம் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும். எவ்வளவு நிம்மதி.

21-2-66 திங்கள்

எங்கள் மில் ஆட்களுக்கெல்லாம் அப்பா மைசூர்பாகு கொடுத்தார். நான் வாய் திறப்பதற்குள்: "பயந்தாங்கொள்ளி பெரியவனே ஜெயிச்சுப்போட்டான். சின்னவனையும் எறக்குனா? இன்னொரு காரு எடுத்துப்போடலாம்." அம்மாவிடம் எங்கள் வீட்டுத் தெலுங்கில் அதையே சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"வேண்டாமுங்கப்பா, அவனுக்குப் பிரேக் புடிக்கவே தெரியாதுங்க."

"நீ சொல்லிக் குடு."

ரங்கன் பட்டறையில் என் ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா, அந்த மூணாவது திருப்பத்த எப்புடி எடுத்தீங்க?"

பயந்துக்கிட்டே எடுத்தேன்டா என்றேன்.

விழுந்து விழுந்து சிரிக்கிறான்.