தறிச் சத்தத்தில் கேட்காத பேச்சு

பாவா, உன் போனில் இன்று காலையும் ஒரு வீடியோ வந்து நின்றது: 'மனைவியின் மனதை வெல்வது எப்படி?' நீ போய் ஒரு ஆடிக் கிருத்திகையும் வந்துவிட்டது. இந்தப் பாழாய்ப்போன போனுக்கு மட்டும் இன்னும் சேதி தெரியவில்லை. வந்த எரிச்சலில் அதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுத் தறியை ஓட்டப் போனேன்.

கல்யாணமான நாளிலிருந்து நம் வீட்டில் பேச்சு என்றால் கத்தல்தான். எதிரும் புதிருமாக உனக்கொன்று எனக்கொன்று என்று விசைத்தறி ஓடுகிற கூடத்தில் வேறு எப்படிப் பேசுவது? அப்படியும் கேட்காவிட்டால் உதட்டை மட்டும் அசைப்பாய். நூல் அறுந்ததா, டீ வேண்டுமா, கோபமா, எல்லாம் உன் உதட்டிலேயே எனக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் நம்மூர் பொதட்டூர்பேட்டையில் பஸ் ஏறும்போது ஆரம்பிக்கிற சண்டையில், திருத்தணி மலைப்படியில் என்னை விட்டுவிட்டு விறுவிறுவென்று மேலே போய்விடுவாய். பாதி வழியில் சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். குடித்தால் சமாதானம்.

அப்புறம்தான் பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி அந்த வீடியோக்களைப் பிடித்துக்கொண்டாய். மனைவியிடம் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டுமாம். தாழ்த்திய குரல் தறிச் சத்தத்தில் எங்கே கேட்கும்? நீ வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் தறியை நிறுத்த வேண்டியிருந்தது.

"இன்னா பாவா சொன்ன?"

"உன் மனசு எனக்குப் புரியுதும்மா."

"இத்த கேக்கவா தறிய நிறுத்தினேன்?"

"நீ கோவமா கீறன்னும் புரியுது."

உன் அக்காவைத் திட்டினேன். அதுவும் உனக்குப் புரிந்தது. எல்லாம் புரிகிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது? மலைக்குப் போனபோதும் கூடவே நடந்து, "இப்ப மனசுக்கு எப்டி கீது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். சோடா இல்லை. யாரோ என் புருஷனை எங்கோ கொண்டுபோய்விட்டு, வேறொரு நல்லவனை விட்டுப்போன மாதிரி இருந்தது. அவனோடு எனக்குப் பழக்கமில்லை, பாவா. நமக்கிருந்த கடைசி வருஷத்தை அவன் தின்றுவிட்டான் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கடைசி நாளில் நீ கண் மூடிக் கிடந்த ஆஸ்பத்திரியில், டாக்டர் இன்னும் வரவில்லை என்று நர்சிடம் நான் போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது. நீ கண்ணைத் திறந்தாய். குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"கத்தாதடி. மானம் போவுது."

எந்த வீடியோவும் சொல்லித் தராத பேச்சு அது. என் ஆள் திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தேன். சாயங்காலத்துக்குள் போய்விட்டாய்.

தறி ஓடும்போது இன்னும் நிமிர்ந்து எதிர்த்தறியைப் பார்க்கிறேன். உன் உதடு அசைந்த அந்த அசைவு ஒன்றுதான் என்னிடம் மிச்சம். கூடத்தில் யாரும் இல்லாவிட்டாலும் கத்திப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். போகிற மானம் போகட்டும், நீ வந்து அதட்டு.