போர்டுக்கு வடக்கு எந்தப் பக்கம்?

ஜனவரி 8, 2025, புதன்

இஞ்சினியர் சார் இன்று டீ வாங்கிக் கொடுத்தார். இருபத்தோரு வருஷத்தில் அவராக டீ வாங்கிக் கொடுத்தது இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் கெட்ட செய்திதான், இதுவும் அப்படியே. இந்த மாசக் கடைசியோடு ஆபீஸை மூடுகிறார். மகன் பெங்களூருக்குக் கூப்பிட்டுவிட்டானாம். "உங்களுக்கென்ன பிரகதா, எங்க போனாலும் வீட்டு பிளான் போட்டுப் பொழச்சுக்குவீங்க" என்றார். நாற்பத்தேழு வயசில் எங்கே போவது? கும்பகோணத்தில் இப்போது சந்துக்குச் சந்து ஒரு பையன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பிளான் போடுகிறான்.

ஆனாலும் நான் அழவில்லை. காரணம் ஜாஹித் சார். வல்லம் பக்கம் மோட்டார் ஸ்டார்ட்டர் செய்கிற சின்னக் கம்பெனி அவருடையது. அந்தக் கம்பெனி ஷெட்டுக்கு பிளான் போட்டவள் நான். போன மாசம் அவரே கேட்டார்: "வீட்டுக்கு பிளான் போடறவங்க போர்டுக்குப் போட மாட்டீங்களா? எனக்கு லேஅவுட்டுக்கு ஆள் வேணும்." போனில் பட்டனை அழுத்தினால் வயலில் மோட்டார் ஓட வேண்டும், அதற்கான சர்க்யூட் போர்டு. எந்தப் பாகம் எங்கே உட்கார வேண்டும், செம்புக் கோடு எந்த வழியாகப் போக வேண்டும் என்று நான் வரைய வேண்டும். பிப்ரவரி முதல் வாரத்துக்குள் சரியாக வந்தால் வேலை. வராவிட்டால் இல்லை.

எனக்கு இந்த வேலை வேணும். சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். காலை எட்டரைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப ஒரு இடம் வேணும். இல்லாவிட்டால் நாள் முழுக்க நானும் இவரும் பாபநாசத்து வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு... பாவம் இவர்.

ஜனவரி 17, வெள்ளி

முடித்துவிட்டேன்!

பொங்கல் லீவு முழுக்க இதே வேலை. மாட்டுப் பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடித்தது, அது வேறு கதை. நானே சொல்லக் கூடாது, ஆனால் வேறு யார் சொல்வார்கள்? அழகாக இருக்கிறது. ஒரு கோடு கோணல் இல்லை. எல்லா மூலையும் மூலைமட்டம் வைத்தாற்போல் நேர். ஒன்பது குட்டி கெபாசிட்டர்களையும் ஓரமாக ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறேன். சுற்றிலும் தாராளமாக இடம். இவரிடம் காட்டினேன். "கோலம் மாதிரி இருக்கு" என்றார். அமிர்தலிங்கத்தின் வாயிலிருந்து இவ்வளவு வந்ததே பெரிசு.

நாகூரில் சபிஹா என்று ஒரு பெண்ணுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார் ஜாஹித் சார். வீட்டிலிருந்தே லேஅவுட் வேலை பார்க்கிறவள். அவள் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் சரி. இருபத்தாறு வயசாம். என் சர்வீஸைவிட ஐந்து வயசுதான் கூட.

ஜனவரி 19, ஞாயிறு

சபிஹா வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாள். தேன் ஒழுகும் குரல். "அக்கா, அஸ்ஸலாமு... வணக்கம்க்கா. ரொம்ப நல்லா இருக்கு. சின்னச் சின்னத் திருத்தம்தான். தப்பா எடுத்துக்காதீங்க."

நான் ஏன் தப்பாக எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று கூட வந்த ஃபைலைத் திறந்தேன். என் கோலத்தில் யாரோ வெற்றிலை போட்டுத் துப்பி வைத்தாற்போல் இருந்தது. முப்பத்தேழு திருத்தம்.

ஜனவரி 20, திங்கள்

திரும்ப எண்ணினேன். முப்பத்தெட்டு. இரண்டாம் பக்கத்தில் ஒன்று இருந்தது.

ஜனவரி 22, புதன்

இரண்டு நாள் கோபத்தில் ஃபைலைத் திறக்கவில்லை. இன்று மதியம் ஆபீஸில் வேலை இல்லாததால் திறந்தேன்.

"மோட்டாருக்குப் போற கரண்ட் இந்தக் கோட்டுலதான் வருது. முடி மாதிரி இருக்கு. எரிஞ்சிடும்." வீட்டு பிளானில் வயரிங் கோடு எல்லாம் ஒரே தடிமன்தான் அம்மா, எந்தக் கோடும் இதுவரை எரிந்ததில்லை!

"கெபாசிட்டர் எல்லாம் ஏன் ஓரமா வரிசையா நிக்குது? சிப்புக்கு ஒட்டினாப்ல இருக்கணும். அதுக்குத் திடீர்னு கரண்ட் வேணும்னா கையெட்டற தூரத்துல கிடைக்கணும்." அதாவது சமையல்கட்டு ஒரு தெருவிலும் தண்ணீர்க் குடம் அடுத்த தெருவிலும் வைத்திருக்கிறேன்.

"சுத்தி ஒரு இஞ்ச் ஏன் காலியா இருக்கு?" காம்பவுண்டுக்கு இடம் விட்டிருக்கிறேன் என்று இதற்கு நான் எப்படிப் பதில் எழுதுவது? பக்கத்து மனைக்காரன் வழக்குப் போடாமல் இருக்கச் சுற்றிலும் இடம் விட்டு விட்டுப் பழகிய கை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் நுழையாத அளவுக்குப் பெரிய போர்டு வரைந்திருக்கிறேன். இதில் கூத்து என்னவென்றால், பெட்டியில் திருகி மாட்ட ஓட்டையே வைக்கவில்லை. வாசல் இல்லாத கல்யாண மண்டபம்.

"மேல மூலையில இந்த அம்பும் N எழுத்தும் எந்தப் பாகம்க்கா? சர்க்யூட்ல இல்லையே?"

இதைப் படித்ததும்தான் குப்பென்று வியர்த்தது. அது வடக்கு. எந்த பிளானை ஆரம்பித்தாலும் முதலில் வடக்கு அம்பைப் போட்டுவிட்டுத்தான் மற்றது. போர்டிலும் போட்டிருக்கிறேன்! "எந்தப் பக்கம் மேலே என்று காட்டுவதற்காக" என்று பதில் அனுப்பினேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

இந்தச் சிவப்பு மையைப் பற்றி நான் பேசக் கூடாதுதான். ஆபீஸுக்கு வேலை பழக வந்த எத்தனை பிள்ளைகளின் பிளானில் "இது வீடா, மாட்டுக் கொட்டகையா?" என்று எழுதியிருக்கிறேன்! ஒரு பெண் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். சபிஹா ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே ஒரு பூ பொம்மை போட்டிருக்கிறாள். முப்பத்தெட்டு பூ. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் இன்னும் எரிகிறது.

வீட்டுக்கு வந்தால் இவர் கதையும் அதேதான். கொள்முதல் நிலையத்தில் நெல் ஈரமாக இருக்கிறது, காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று திருப்பிவிட்டார்கள். ரோட்டோரம் கொட்டிப் பரப்பிவிட்டு வந்து நிம்மதியாக ரசம் சாதம் சாப்பிட்டார். கோபம் வரவில்லையா என்று கேட்டேன். "ஈரம்னு நெல்லைத்தானே சொன்னாங்க, என்னையா சொன்னாங்க?" என்கிறார். கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில் இந்தப் புத்தியை எங்கே ஒளித்து வைத்திருந்தார்?

ஜனவரி 25, சனி

முப்பத்தெட்டில் முப்பத்தொன்றைச் சரிசெய்தேன். சபிஹா போன் செய்தாள். இன்று நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். போர்டுல பாகங்களை எங்கெங்க வைக்கணும்கறதுதான் எல்லாருக்கும் கஷ்டம். அது மட்டும் உங்களுக்கு முதல் தடவையே எப்படிச் சரியா வந்துச்சு? பெரிய கரண்ட் எல்லாம் கீழ ஒரே பக்கம். கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒரு மூலை. சிக்னல் பிடிக்கிற ஆன்டெனாவுக்குச் சுத்தி ஒண்ணுமே இருக்கக் கூடாது, அந்த மூலையைச் சுத்தமா காலியா விட்டிருக்கீங்க. எப்படி யோசிச்சீங்க?"

எப்படி யோசித்தேனா? நான் எங்கே யோசித்தேன்! நெருப்பு, அதாவது பெரிய கரண்ட், தென்கிழக்கு அக்கினி மூலையில். பாரம் கன்னி மூலையில். வெளியே போகும் சாக்கடை—அதாவது கனெக்டர்—வாயு மூலையில். வடகிழக்கு ஈசானிய மூலை காலி. இருபத்தோரு வருஷமாக வாஸ்து, வாஸ்து என்று உயிரை எடுத்த வீட்டுக்காரர்களுக்கு வரைந்து வரைந்து, கை தானாகச் செய்த வேலை. வாஸ்துவை என்னைப்போல் கிண்டல் செய்தவள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. "கக்கூஸை எங்க வெச்சாலும் நாறத்தான் செய்யும்" என்று கஸ்டமரிடமே சொன்னவள் நான்.

"நிறையப் படிச்சேம்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? முப்பத்தெட்டுக்கு நடுவில் ஒரே ஒரு பாராட்டு. விட மனசு வரவில்லை.

ஜனவரி 29, புதன்

பொய்க்குக் கால் முளைத்து வல்லம் வரை போய்விட்டது. ஜாஹித் சார் கூப்பிட்டார். "சபிஹா சொல்லிச்சு மேடம். நீங்க சேர்ந்ததும் நம்ம பசங்க ரெண்டு பேருக்கு அந்த முறையைச் சொல்லிக் குடுத்துடுங்க. என்ன புக்கு, சொல்லுங்க, நானும் வாங்கறேன்."

என்ன புக்கு! மனையடி சாஸ்திரம், சார். பஸ் ஸ்டாண்டு கடையில் கிடைக்கும்.

அது போதாதென்று சபிஹாவிடமிருந்து புதுத் திருத்தம். பெட்டியில் வயர் நுழையும் ஓட்டை கீழே இல்லையாம், வலப்பக்கமாம். அதனால் பெரிய கரண்ட் எல்லாம் வலப்பக்கம் போகணும், ஆன்டெனா மேலே இடது மூலைக்கு வரணும். மேலே இடது என்றால் வாயு மூலை. சாக்கடை இருக்கிற மூலை. மூன்று தடவை நகர்த்தினேன். மூன்று தடவையும் மற்றதெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றது. கை பழைய இடத்துக்கே போகிறது.

ஜனவரி 31, வெள்ளி

ஆபீஸ் கடைசி நாள். ஸ்கேல், இரண்டு சிவப்புப் பேனா, டிபன் பாக்ஸ். ஒரு துணிப்பையில் அடங்கிவிட்டது. ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. அழுகை வந்துவிட்டது.

பிப்ரவரி 2, ஞாயிறு

முடியலை. இன்னைக்கும் வரலை. ஏழாம் தேதி கடைசி. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டு இப்ப யார்கிட்ட போய் சந்தேகம் கேக்கறது? பிரகதாம்பா, உனக்கு வேணும்டீ.

சாயங்காலம் சபிஹாவுக்கு நானே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். படிக்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை, அது வாஸ்து என்று. வேலை போனால் போகட்டும் என்று மூலை மூலையாகச் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தால், அவள் போனைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் அம்மா வந்து என்னடி என்று அதட்டுவது கேட்டது.

மூச்சு வாங்கி வந்து கேட்டாள்: "அப்ப அந்த அம்பு நெஜமாவே வடக்கா?"

"ஆமாம்மா."

"என் மொத போர்டுக்கு அறுபத்தோரு திருத்தம்க்கா. அதுல ஒரு பாராட்டுகூட இல்ல. சரி, ஒண்ணு சொல்லுங்க. ஒருத்தர் இந்தப் பெட்டியைத் திருப்பி மாட்டினா உங்க வடக்கு எங்க போகும்?"

வீட்டைத் திருப்பி மாட்ட முடியாது. போர்டைத் திருப்பலாம். எனக்கு இது இந்த நிமிஷம் வரை உறைக்கவே இல்லையே!

பிப்ரவரி 3, திங்கள்

வடக்கை இடப்பக்கம் திருப்பினேன். மேலே இடது மூலை ஈசானியம் ஆனது, காலி. அக்கினி, கன்னி இரண்டும் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தன, வயர் ஓட்டைக்கு நேராக. நாலு நாள் மாரடித்த வேலை, காபி ஆறுவதற்குள் முடிந்தது. இந்தச் சுகத்தை எந்த வீட்டுக்காரராவது இருபத்தோரு வருஷத்தில் ஒரு நாள் எனக்குக் கொடுத்திருப்பாரா?

அனுப்புவதற்கு முன் அம்பை அழித்துவிட்டேன். போதும் மானம் போனது.

பிப்ரவரி 7, வெள்ளி

சபிஹாவிடமிருந்து ஃபைல் வந்தது. ஜாஹித் சாருக்கும் ஒரு காப்பி. திறந்தேன்.

ஒரே ஒரு திருத்தம், மேலே இடது மூலையில், சிவப்பில்: "வடக்கு எங்கேக்கா? திரும்ப வைங்க. பெட்டியில மாட்டறவங்களுக்கு எந்தப் பக்கம் எதுன்னு தெரிய வேணாமா?" கீழே ஒரு பூ.

பத்து நிமிஷத்தில் ஜாஹித் சாரிடமிருந்து மெசேஜ்: "திங்கக்கிழமை வந்துடுங்க மேடம். அந்தப் புக்கு ரெண்டு காப்பி வாங்கிட்டு வாங்க." சபிஹா சொல்லிவிட்டாள், வாயாடி! இவர் நெல்லை அளந்துவிட்டு வந்து, ஏன் தனியாகச் சிரிக்கிறாய் என்று கேட்டார். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

மார்ச் 16, ஞாயிறு

என் போர்டு வைத்த முதல் பெட்டிகளில் ஒன்று எங்கள் வயலுக்கே வந்தது. எலக்ட்ரீஷியன் வீரையன் மோட்டார் கொட்டகையில் மேற்குச் சுவரில் அதை மாட்டினார். மூடியைத் திறந்தவர் கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே போய் வானத்தைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"அம்மா, இதுல வடக்குன்னு அம்பு போட்டிருக்கு. இந்தச் செவுத்துல மாட்டினா அது தெக்கால்ல பாக்குது?"

அது சும்மா, எப்படி மாட்டினாலும் ஓடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நாலு ஆணியையும் பிடுங்கிவிட்டார். எதிரே கிழக்குச் சுவரில் மாட்டி, அம்பு வடக்கே பார்க்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்து, "கம்பெனிக்காரன் எதுக்கும் காரணமில்லாமப் போட மாட்டாம்மா" என்றார். நான் தலையை ஆட்டினேன். கிழக்குச் சுவர்தான் சாரல் அடிக்காத சுவரும்கூட.

இவர் வரப்பில் நின்று போனை அழுத்தினார். மோட்டார் ஓடியது. உளுந்து வயலைப் பார்த்துக்கொண்டே, "நிறுத்தவா?" என்றார். "இன்னொரு தடவை" என்றேன்.

நாளை திங்கள். எட்டரைக்குக் கிளம்பணும்.