நம் வீட்டு விமானத்தின் நெற்றி

நேற்று வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்திருந்தார். தின்னர் டின்னை அவர் திறந்ததும் அந்த வாடை சமையலறை வரை வந்தது. ஒரு கணம், நீங்கள் பின்புறக் கொட்டகையில் இறக்கைக்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றே நினைத்துவிட்டேன். காபி கொண்டுவரட்டுமா என்று கேட்க வாயைக்கூடத் திறந்தேன்.

கோயமுத்தூரில் மோட்டார் பம்ப் செய்பவர்களுக்குக் குறைவில்லை. பம்ப் செய்துகொண்டே வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டியவர், எனக்குத் தெரிந்து, நீங்கள் ஒருவர்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்தீர்கள். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். வரைபடம் தபாலில் வந்தது, இஞ்சின் கப்பலில் வந்தது. அனுமதி கேட்டு டெல்லிக்குப் போன கடிதங்களையெல்லாம் நான் எழுதினேன். "உன்ற இங்கிலீசுக்குப் பயந்துதான் டெல்லிக்காரன் கையெழுத்துப் போட்டான், அம்மணி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்கள்.

இறக்கைக்குத் துணி போர்த்தியதும் நம் கைதான். மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்து ஒட்டி, இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் சுருங்க வைக்க வேண்டும். நீங்கள் சூட்டைக் கூட்டி ஒரு முழம் துணியைப் பொசுக்கிய பிறகு பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். சட்டத்தோடு சேர்த்துத் தைக்கும் வேலையும் என்னிடம் வந்தது. கான்வென்ட்டில் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், ஒரு தையல் பிசகினாலும் வரிசை முழுவதையும் பிரிக்கச் சொல்வார். நீங்கள் ஆசையாகத் தைத்த ஒரு வரிசையை நான் அப்படித்தான் பிரித்தேன். கோபித்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். "மேல போற சாமான். தாராளமாப் பிரி" என்று கத்தரிக்கோலை நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள்.

உங்கள் அண்ணனுக்கு மட்டும் இதெல்லாம் வேடிக்கை. சோமனூரிலிருந்து எப்போது வந்தாலும் கொட்டகையை எட்டிப் பார்ப்பார்.

"ஏனம்மணி, உங்கூட்டுத் தேரு எப்ப நகரும்? வடம் புடிக்க ஆள் அனுப்பட்டுமா?"

கணவரின் அண்ணனுக்கு எதிர்ப்பேச்சு பேசக் கூடாது என்பது நம் வீடுகளின் வழக்கம். நான் பேசினேன். "தேருக்குத்தான் வடம் வேணுமுங்க மாமா. இதுக்குப் பெட்ரோல் போதும்." நீங்கள் திருப்புளியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தீர்கள்.

ஆனால் விமானத்தைக் கட்டி முடித்த அந்த ஐப்பசியில் பெட்ரோல் மட்டும் போதவில்லை.

விமானத்தை முதன்முதலில் மேலே எடுத்துச் செல்ல ஒருவர்தான் சம்மதித்திருந்தார், விமானப்படையில் ஓய்வு பெற்ற உங்கள் நண்பர் ராஜு. தீபாவளி முடிந்ததும் அவர் மகளிடம் வெளிநாட்டுக்குப் போகிறார், திரும்பி வருவது எப்போதென்று தெரியாது. இஞ்சின் தரையில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடிக் காட்ட வேண்டும் என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அது தாராளமாக ஓடியது. அவர் ஊரில் இல்லாததால் பார்க்கவில்லை. பூஜை முடிந்து அவர் வந்து நின்ற அன்று, கால் மணி நேரம் ஓடிவிட்டு இருமி இருமி நின்றது.

அன்று தொடங்கியது நம் போராட்டம். பெட்ரோலை வடித்துப் புதிதாக ஊற்றினீர்கள். வடிகட்டியைக் கழற்றிக் கழுவினீர்கள். பிளக் மாற்றினீர்கள், கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டினீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது உங்கள் விதி. "ரெண்டை மாத்திப்போட்டா எது சரி பண்ணுச்சுன்னு தெரியாமப் போயிரும்." எதை மாற்றினாலும் கால் மணி நேரம்தான். நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பெட்ரோல் அளவு பார்ப்பீர்கள். பாதிக்கு மேல் இருக்கும். மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். மறுபடி நிற்கும்.

ராஜு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "தங்கச்சி, தரையில நின்னா இறங்கித் தள்ளலாம். மேல நின்னா தள்ள முடியாது. இந்த ஞாயித்துக்கெழமையும் நின்னுதுன்னா நான் ஏற மாட்டேன். நான் போன பொறவு அவன் தனியா ஏறவும் நீ உடக் கூடாது."

அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். அவர் போய்விட்டால் நீங்கள் ஏறிவிடுவீர்கள். உங்களைத் தடுக்க என்னால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ராஜுவும் வந்துவிட்டார். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வாலைத் தென்னை மரத்தில் கட்டி, இஞ்சினை ஓட விட்டீர்கள். நின்றது. வழக்கம்போல இறங்கி வந்து மூடிமேல் கை வைத்தீர்கள். அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது. நின்ற இஞ்சின் மறுபடி ஓடிய ஒவ்வொரு முறையும் இடையில் நடந்தது, நீங்கள் மூடியைத் திறந்தது ஒன்றுதான்.

"ஏனுங்க, தொறக்காதீங்க."

"பெட்ரோல் இருக்குதான்னு பாக்கோணுமல்லொ?"

"இருக்குதுங்க. தொறக்காம ஸ்டார்ட் பண்ணுங்க."

இரண்டு முறை முயன்றீர்கள். இருமியது, ஓடவில்லை. "இப்பத் தொறங்க" என்றேன். மூடி அசைந்ததும் 'உஸ்'ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. மூன்று பேருக்கும் கேட்டது. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டு ஊற்றினால் எண்ணெய் திக்கித் திக்கி நின்றுபோகும். காற்றுக்கு இன்னொரு ஓட்டை வேண்டும். அது எந்தச் சமையலறையிலும் தெரிந்த விஷயம். நம் டேங்குக்கு அந்த இரண்டாவது ஓட்டை மூடியின் நடுவில்தான் இருந்தது, குண்டூசித் தலை அளவில்.

அதன் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கல்லாகியிருந்தன.

ஆயுத பூஜையன்று லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு, விமானத்துக்கு நெற்றி எது என்று சுற்றிச் சுற்றி வந்தீர்களே! கண்ணாடிக்கு முன்னால், மூக்குக்கு மேலே இருந்த டேங்க் மூடிதான் நெற்றி என்று முடிவு செய்து, கட்டைவிரலால் அழுத்தி வைத்தீர்கள். சாமிக்கு வைத்த பொட்டு, தானாக உதிரட்டும் என்று தினமும் விமானத்தைத் துடைத்த நானும் அதைத் தொடவில்லை.

கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவிக் கொடுத்தேன். நீங்கள் குத்தி எடுத்ததும் சந்தனத் தூள் உதிர்ந்தது.

"சாமி கும்புட்டு மூச்சை அடைச்சுப்போட்டயேப்பா!" என்றார் ராஜு.

இஞ்சின் ஒரு மணி நேரம் ஓடியது. அதற்கு மேலும் ஓடியது. நீங்கள்தான் மனசில்லாமல் நிறுத்தினீர்கள்.

தீபாவளிக்கு முன்பே இறக்கைகளைக் கழற்றிப் பஞ்சு லாரியில் ஏற்றி, உடுமலைப் பக்கம் ஒரு மில்லுக்காரரின் பழைய ஓடுதளத்துக்குக் கொண்டுபோனோம். ராஜு மேலே போனபோது எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் தாண்டியதும் உங்கள் கை என் தோளில் விழுந்தது. அத்தனை பேர் முன்னால் அதற்கு முன் நீங்கள் அப்படிச் செய்ததில்லை.

இறங்கி வந்த ராஜுவை எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். கோளாறு என்ன, யார் கண்டுபிடித்தது என்று உங்கள் அண்ணன் கேட்டார். "என்ற ஊட்டுக்காரிங்க" என்றீர்கள். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அடுத்த நடை நீங்கள் ராஜுவோடு போனீர்கள். அதற்கடுத்த நடையில், புடவைக் கொசுவத்தைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு நான் போனேன். நான் தைத்த தையல்கள் காற்றில் ஒன்றுகூட அசையாததை என் கண்ணால் பார்த்தேன்.

போன மாதம் போர்வெல் மோட்டார் விட்டு விட்டு ஓடியது. மெக்கானிக் வந்ததும் ஸ்பானரை எடுத்தார். "கொஞ்சம் பொறுங்க தம்பி. நின்னபடியே இருக்கட்டும். மொதல்ல பாத்துக்கிட்டு, பொறவு தொடுங்க. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும்" என்றேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, மோட்டார் கம்பெனியில வேலை பாத்தீங்களா?"

"இல்லீங்க தம்பி," என்றேன். "ஏரோப்ளேன்ல."