படத்தின் ஓரத்தில் உன் கை

என் செல்லத் தங்கச்சி பிலோமினா,

நீ போய் இருபத்தாறு நாளாகிறது. முப்பத்தோராம் நாள் பூசைக்கு உன் படம் போட்டு நினைவு அட்டை அடிக்க வேண்டுமாம். "நீ படம் எடுக்கிறவன்தானே, நல்லதா ஒண்டு தா" என்கிறார் அம்மா. என்னிடம் உன் படம் ஒன்றுகூட இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

யாழ்ப்பாணத்துக் கமராக் கடையில் இரண்டு லென்ஸ் எடுத்து வைத்தார்கள், நினைவிருக்கிறதா? எனக்கு நீளமான தூர லென்ஸில்தான் கண். தெருவுக்கு மறுபக்கம் நின்று யாருக்கும் தெரியாமல் எடுக்கலாம். நான்தான் கூச்சக்காரன் ஆயிற்றே. நீ விடவில்லை. "உதென்ன களவு? அகலமானதை வாங்குங்கோ அண்ணா. கிட்டப் போய் எடுங்கோ. கதைக்கிறதை நான் பாக்கிறன்."

சொன்னபடியே செய்தாய். முல்லைத்தீவுச் சந்தையில் என் தோளோடு நின்று, கொக்கிளாய்க் கருவாட்டுக்காரியிடம் வாய் கொடுப்பாய். அவள் சிரிக்கும்போது நான் எடுப்பேன். ஆனால் அகல லென்ஸ் பக்கத்தில் நிற்பதையும் சேர்த்து விழுங்கிவிடும். பேசும்போது ஆடுகிற உன் கை ஓரத்தில் வந்துவிடும். "கையை எடடி, படம் பழுதாப் போச்சு!" எத்தனை தரம் கத்தியிருப்பேன்? பிரதி போட்டதும் முதல் வேலையாக அந்த ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிவேன். "என்ர கைக்கு என்ன குறை?" என்று ஒருநாள் கேட்டாய். நான் அடுத்த படத்தின் ஓரத்தை வெட்டிக்கொண்டிருந்தேன்.

உன்னை எடுக்க நினைக்கவேயில்லை, பிலோ. வீட்டில்தானே இருக்கிறாள், எப்போதும் எடுக்கலாம் என்று இருந்துவிட்டேன். நாலு நாள் காய்ச்சல் இப்படிச் செய்யும் என்று யார் கண்டது?

நேற்று நெகற்றிவ் எல்லாவற்றையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உன் முகம் எதிலும் இல்லை. சுருளுக்குச் சுருள் உன் கை மட்டும் இருக்கிறது, கண்ணாடி வளையலோடு. இன்னொன்றும் கண்டேன். கருவாட்டுக்காரி, வண்டில்காரர், தேத்தண்ணிக் கடைக்காரர், ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் படத்துக்கு வெளியே, உன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள்.

கருவாட்டுக்காரியின் படத்தை ஓரம் வெட்டாமல் பிரதி போட்டு, உண்மையைச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். அவர் என்னை ஏசவில்லை. உன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஓம், இது என்ர பிள்ளைதான்" என்றார். அட்டையில் அந்தக் கைதான் வரும்.

திங்கட்கிழமை அதே லென்ஸோடு சந்தைக்குப் போகிறேன். கிட்டப் போவேன். கதைக்கவும் பழகுவேன். இனி எந்தப் படத்திலும் ஓரத்தை வெட்டமாட்டேன், அங்கே ஒன்றும் இல்லாவிட்டாலும்.

கையை எடுக்கச் சொன்ன
உன் அண்ணன்