இரண்டு ஷேடு ஏற்றச் சொன்னாயாமே

மேற்குத் தாம்பரம்,
14.5.2006

அன்புள்ள தம்பி உமேஷுக்கு,

அக்கா அபிதா எழுதுவது. நான், உன் மாமா, குழந்தை அஞ்சலி, அம்மா எல்லோரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது. போனில் சொன்னால் நடுவில் புகுந்து சமாதானம் பேசுவாய், இல்லாவிட்டால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படி.

ஜெயஸ்ரீ இந்தக் கல்யாணம் வேண்டாம் என்கிறாள். அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். பெண்ணுக்கு ஜுரம், அதுதான் போனை எடுக்கவில்லை என்று மழுப்பியிருப்பாள். ஜுரமும் இல்லை, ஒன்றும் இல்லை. உன்னால்தான் எடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தப் புடவை எடுக்க தி.நகர் போனோம். அவளையும் கூட்டிக்கொண்டுதான் போனோம். கடைக்காரர் பிரித்துப் போட்டதில் அரக்கில் மாம்பழ மஞ்சள் கரை வைத்த பட்டு ஒன்றை ஜெயஸ்ரீ எடுத்துத் தன் தோளில் வைத்துப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, தன் வேலையை விட்டுவிட்டு, "இத்தையே எடும்மா, உனக்குன்னே நெய்ஞ்ச மாதிரி கீது" என்றாள். நம் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அதை இழுத்துக் கீழே வைத்துவிட்டு, "கறுத்த உடம்புக்கு அடர் கலர் ஆகாதும்மா, இன்னும் கறுப்பா காட்டும். எங்க உமேஷ் லைட்டா எடுக்கச் சொல்லியிருக்கான்" என்று வெளிர் ரோஸில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். நான் சொன்னது எடுபடவில்லை. மாப்பிள்ளை வீட்டில் எடுத்துக் கொடுக்கும் புடவைக்குப் பெண் குறை சொல்லக் கூடாது என்று நம்மிடம் ஒரு வழக்கம் இருக்கிறதே, அதற்காக ஜெயஸ்ரீ வாயைத் திறக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போதுதான் அம்மா பெருமையாகச் சொன்னாள். யாருக்கு எந்தக் கலர் பொருந்தும் என்று சொல்கிற ஏதோ வெப்சைட்டில் நீ அவள் போட்டோவைப் பார்த்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் அவளுக்குப் பதிலாக நீயே விடை சொன்னாயாம். அவள் "சம்மர்" வகை என்று வந்ததாம். வெளிர் ரோஸும் சாம்பல் நீலமும்தான் அவளுக்கு எடுக்குமாம். எந்த ஊர் சம்மரடா அது? முடி செம்பட்டையா, கண் நீலமா என்று வெள்ளைக்காரிகளைக் கேட்பதற்காக எழுதி வைத்ததை நம் பெண்ணுக்கு மாட்டிப் பார்த்திருக்கிறாய். நமக்குத் தெரிந்த சம்மர் இதோ ஜன்னலுக்கு வெளியே கொளுத்துகிறது. நம் நிறத்துக்கு வெளிர் ரோஸ் சாம்பல் பூத்த மாதிரிதான் இருக்கும். அரக்கு, கடுகு மஞ்சள், மயில் கழுத்துப் பச்சை, இதெல்லாம் பக்கத்தில் வந்தால்தான் தோல் பளபளக்கும். பல்லாவரத்தில் ஒரு கிரகப்பிரவேசத்தில் அவளைக் கடுகு மஞ்சள் நூல் புடவையில் பார்த்துவிட்டுத்தானே நானே போய்ப் பெண் கேட்டேன். இத்தனை வருஷம் கண்ணாடி பார்த்தவளுக்குத் தெரியாதது மஸ்கட்டில் ஏசி ரூமில் இருக்கிற உனக்குத் தெரிந்துவிட்டதா?

வியாழக்கிழமை சேலையூர் பார்லரில் மேக்கப் போட்டுப் பார்த்தார்கள். அந்த ரோஸ் புடவையையும் கட்டிவிட்டார்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். கன்னத்தில் பூச்சு திட்டுத்திட்டாகச் சாம்பல் தட்டி நின்றது. உதட்டில் அதே வெளிர் ரோஸ், பத்து நாள் படுத்துக் கிடந்தவள் உதடு மாதிரி. ஜெயஸ்ரீ கண்ணாடியைப் பார்த்துவிட்டு, என் நிறத்துக்கே போடுங்களேன் என்று மெதுவாகத்தான் கேட்டாள். பார்லர் அம்மா, "இன்னா மேடம் பண்றது, மாப்பிள்ள சார் போன் மேல போன் போட்டாரு. போட்டோல தன் பக்கத்துல டல்லா தெரியக் கூடாது, ரெண்டு ஷேடு ஏத்துங்கன்னாரு" என்று போட்டு உடைத்துவிட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

டேய், நீ என்ன ரோஜாப்பூ நிறமா? அப்பா நிறம்தானே உனக்கும் எனக்கும். ஸ்கூலில் பையன்கள் கரிச்சட்டி என்று கூப்பிட்டார்கள் என்று அழுதுகொண்டு வந்தவன்தானே நீ. உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர்களைத் திட்டிவிட்டு வந்தேன். இப்போது நான் யாரைப் போய்த் திட்டுவது?

என் கல்யாணத்திலும் இதே பூச்சுதான். இன்றைக்கும் அஞ்சலி ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, அப்பா பக்கத்தில் நிற்கிற ஆன்ட்டி யாரு என்று கேட்கிறாள். உன் மாமா விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை.

பார்லரில் ஜெயஸ்ரீ எண்ணெயும் பஞ்சும் கேட்டு வாங்கித் தானே எல்லாவற்றையும் துடைத்தாள். புடவையை மடிப்புக் கலையாமல் மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நேற்று வண்டலூரில் அவள் வீட்டுக்குப் போனேன். ஆனியில் கல்யாணம், பத்திரிகை அடித்தாயிற்று, நாலு வார்த்தை நல்லதாகப் பேசிவிட்டு வா என்று அம்மா அனுப்பினாள். அவள் அப்பா காபி கொடுத்தார். ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

நான் உனக்காகப் பரிந்துதான் பேசினேன். அவன் கெட்டவன் இல்லை, ஏதோ தெரியாமல் சொல்லிவிட்டான், வேண்டுமானால் அந்த அரக்குப் புடவையையே எடுத்துவிடலாம் என்றேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "புடவைய மாத்திடலாம் அக்கா. நாளைக்கு எனக்கு ஒரு பொண்ணு பிறந்து அது என் கலர்லயே இருந்தா, அதுக்கு எத்தனை ஷேடு ஏத்தச் சொல்வாரு உங்க தம்பி?" என்று கேட்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கு நீ பதில் எழுத வேண்டாம். அவள் கேட்டதற்கு அவளிடமே பதில் சொல். அவள் எடுக்கிற வரைக்கும் போன் அடி. சால்ஜாப்பு சொல்லாதே, ஜோக் அடிக்காதே. அதற்குப் பிறகும் அவள் வேண்டாம் என்றால் நான் அவள் பக்கம்தான் நிற்பேன், இப்போதே சொல்லிவிட்டேன். வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. திருநீர்மலைப் பெருமாள் உனக்கு நல்ல கண்ணைக் கொடுக்கட்டும்.

கோபம் தீராத உன் அக்கா,
அபிதகுஜாம்பாள்