வேறு வார்டில் உழைத்த மணிகள்

மார்ச் 4

தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். எனக்கு வேலை போய்விட்டது. வருடத்துக்கு ஆயிரத்து எண்ணூறு மணிநேரம் பார்த்த நர்ஸ்களுக்குத்தான் ஒப்பந்தம் நீளும். எனக்கு இருநூறு குறைகிறதாம். நான் ஒரு நாளும் விடுப்பு எடுத்ததில்லை. ஆஸ்பத்திரிக்கு அந்தப் புரோகிராமை எழுதியவன் நீ என்பதால்தான் போன் செய்தேன். "மெஷின் பொய் சொல்லாதுக்கா. நீதான் மட்டம் போட்டிருப்ப" என்றாய். பக்கத்திலிருந்த உன் மாமா காதிலும் விழுந்தது.

அக்கா

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

நீ மட்டம் போட்டதைக் காட்டத்தான் பதிவுகளைத் திறந்தேன். ஒவ்வொரு நாள் வேலையும் பட்டியலில் ஒரு பதிவு: யார், எந்த வார்டு, எத்தனை மணி. உன் பெயருள்ளவற்றை வடிகட்டி, மணிகளைக் கூட்டினால் போதும். நானோ, அது உன் சொந்த வார்டாகவும் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்திருக்கிறேன். ஆள் இல்லையென்று நீ குழந்தைகள் வார்டுக்கு ஓடிய நாளெல்லாம் கூட்டலுக்கே வரவில்லை.

இது தெரிந்து மூன்று வாரமாகிறது. அந்த வரியை யாருக்கும் தெரியாமல் திருத்திவிட்டேன். இனி வரும் கணக்கு சரியாக இருக்கும். மேலதிகாரியிடம் சொல்ல நாக்கு எழவில்லை. உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

தம்பி

ஏப்ரல் 15

தம்பிக்கு,

உன் கடிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு எனக்கு டீ போட்டுத் தந்தார்.

என்னோடு இன்னும் ஆறு பேரை அனுப்பினார்கள். அதில் ஒருத்தியை 'ரேடியோ' என்போம், வாய் ஓயாது. சோம்பேறி என்ற பெயரோடு போனவள் இப்போது யாரிடமும் பேசுவதில்லை. இனி வரும் கணக்கு சரி என்கிறாய். போன கணக்கு? அதைச் சொல்லும்வரை எனக்கு எழுதாதே.

அக்கா

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும் அந்த வரியைத் திரையில் காட்டச் சொன்னார்கள். கூனிக் குறுகி நின்றேன். பழைய பட்டியலைத் திரும்பக் கூட்டினோம். ஏழு பேருக்கும் மணி நிறைகிறது. தவறு என்னுடையது என்று பெயர் போட்டே ஆஸ்பத்திரிக்கு எழுதியிருக்கிறார்கள். உனக்கு ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து நான்கு.

தம்பி

மே 6

தம்பிக்கு,

ஏழு பேரையும் கூப்பிட்டார்கள். ரேடியோ மட்டும், "என்னை நம்பாத இடத்துல எனக்கென்ன வேலை?" என்றுவிட்டாள். நான் திங்கட்கிழமை போகிறேன்.

கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை. கணக்கு எவருக்கும் தப்பும். "லீவு போட்டியாக்கா?" என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், அதற்குள் வந்து நிற்காதே.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா