லாம்ப்ரோஸுக்குப் பதிலாக என்னை யூனானாகக் கொள்ள வேண்டி

அனுப்புநர்:
அனெஸ்திஸ் அந்திரியோத்திஸ்,
ஊறுகாய்க் கடை,
குர்துலுஷ், இஸ்தான்புல்.

பெறுநர்:
வெளிநாட்டினர் பிரிவு மேலதிகாரி அவர்கள்,
இஸ்தான்புல்.

பொருள்: எங்கள் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட வேண்டிய ஆளை மாற்றிக்கொள்வது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அண்ணன் லாம்ப்ரோஸ் யூனான், அதாவது கிரேக்க நாட்டுக் குடிமகன் என்பதால், வரும் சனிக்கிழமை ரயிலில் இந்நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று தங்கள் அலுவலகத்தில் அவனிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கொண்டுபோக ஒரு பெட்டிக்கு அனுமதி. நானும் அவனும் இரட்டையர்கள். நான் ரூம், அதாவது கிரேக்க வம்சத்தில் வந்த துருக்கிக் குடிமகன்; ஆகையால் நான் இருக்கலாமாம். இதுதான் என் புகார். செய்தி வந்ததிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. முட்டைக்கோஸ் பீப்பாயில் உப்பை இரண்டு தடவை கொட்டிவிட்டேன். மனுவில் ஒழுங்கு குறைந்தால் பொறுத்தருளக் கோருகிறேன்.

2. தங்கள் அலுவலக எழுத்தர் ஒருவர் எங்கள் கடையில் நின்று ஊறுகாய்த் தண்ணீர் குடிப்பவர். நல்ல மனிதர். அவரிடம்தான் முதலில் ஓடினேன். "அனெஸ்தி உஸ்தா, சட்டம் எங்கிட்ட கேட்டா போட்டாங்க? அவரு யூனான், நீங்க ரூம். அவ்வளவுதான், வீட்டுக்குப் போங்க" என்றார். "ஒரே வயித்துல, ஒரே நாள்ல பொறந்தோமய்யா!" என்றேன். "வயித்தையெல்லாம் நாங்க பாக்கிறதில்ல உஸ்தா, பேரைத்தான் பாக்கிறோம்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பெயரின்மேல்தான் கோபம்.

3. அதனால் பெயரையே விசாரிக்கக் கிளம்பினேன். பள்ளி ஆசிரியை கலியோப்பி சொன்னார்: இஸ்மிரைச் சுற்றிய நம் கடற்கரைக்கு முற்காலத்தில் அயோனியா என்று பெயர். பாரசீகர்கள் முதலில் பழகியது இந்தக் கரையின் மக்களோடுதான். அவர்கள் பெயரையே கடலுக்கு அப்பால் இருந்தவர்களுக்கும் சேர்த்துச் சூட்டிவிட்டார்கள். அது கிழக்கே இந்தியா வரை போய் அங்கே யவனர் ஆயிற்றாம். ஆக, யூனான் என்பது இந்த மண்ணில் விளைந்த பெயர், ஐயா. கடலுக்கு அப்பால் தனி அரசு எழுந்த பிறகு அந்நாட்டுக் குடிகளை யூனான் என்றும், இங்கேயே தங்கிவிட்ட எங்களை ரூம் என்றும் பிரித்தார்கள். ரூம் என்றால் ரோமர். இந்நகரில் ஆண்ட பேரரசர்கள் தங்களை ரோமர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் போய்விட்டார்கள், பெயர் எங்களைப் போன்ற ஊறுகாய்க்காரர்களிடம் தங்கிவிட்டது. கடலுக்கு அப்பால் உள்ளவர்களோ தங்களை ஹெலின் என்கிறார்கள். எங்கள் தாயார் இருந்தவரை அவருக்கு அந்தச் சொல்லே ஆகாது. கிறிஸ்துவுக்கு முன் சிலைகளைக் கும்பிட்டவர்களைத்தான் அவர் அப்படிச் சொல்வார். சென்ற மாதம் இங்கிருந்து அனுப்பப்பட்ட எங்கள் தெருத் தையற்காரரை அங்கே "துருக்கி விதை" என்று இழிவாகக் கூப்பிடுகிறார்களாம். லாம்ப்ரோஸுக்கும் அந்தப் பெயர்தான் காத்திருக்கிறது.

4. எங்கள் வீட்டுக்குள் இரண்டு பெயர் வந்தது எங்கள் தந்தையால். தாத்தா யூனான் நாட்டு அந்திரோஸ் தீவுக்காரர். அந்த உறவைச் சொல்லி, பிறந்த இருவரில் ஒருவனை மட்டும் யூனான் தூதரகத்தில் பதிந்தார். "ஒருத்தன் இங்க, ஒருத்தன் அங்க. எந்தப் பக்கம் காத்தடிச்சாலும் ஒருத்தன் கடையத் தொறப்பான்டி" என்று தாயாரிடம் சொன்னாராம். அப்போது அது கெட்டிக்காரத்தனம். யாரைப் பதிவது என்பதில் யோசனை ஏதும் இல்லை. எங்கள் ஞானஸ்நானத்தன்று, ஒரே தொட்டித் தண்ணீரில் முக்கியெடுத்ததும் நான் ஊரைக் கூட்டிக் கத்தினேன்; லாம்ப்ரோஸ் தூங்கிவிட்டான். தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப் போவது சுலபம் என்று அவனைத் தூக்கிப் போனார். இதற்குமேல் அவன் யூனான் ஆனதற்குக் காரணம் எதுவும் இல்லை.

5. இரண்டாம் உலகப் போரின்போது ரூம் ஆண்களை அழைத்துப்போய்ச் சாலைக்குக் கல்லுடைக்க வைத்தார்கள். நான் போனேன். அவன் யூனான் என்பதால் வீட்டில் இருந்தான். இருந்தவன் சும்மா இருந்தானா? என் பங்கு வேலையையும் சேர்த்துப் பார்த்தான், தாயாரை அடக்கம் செய்தான். அன்று என் பெயர் என்னைக் கொண்டுபோனது. இன்று அவன் பெயர் அவனைக் கொண்டுபோகிறது. அன்று அவன் என் இடத்தில் நின்றான். இன்று நான் நிற்கக் கூடாதா?

6. அவன் மனைவி ஃப்ரோஸோவுக்குப் பார்வை இல்லை. இந்த வீட்டின் படி, சுவர், அடுப்பு, எங்கள் இருவர் சட்டைகளில் எது யாருடையது என்பது வரை எல்லாம் அவள் கைக்குத் தெரியும். வேறு ஊரில் அவளைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது. லாம்ப்ரோஸ் போனாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளுக்குத் தைரியம் சொல்லப் போனேன். "அவரு போயி நீங்க இருந்து நான் என்ன பண்றது தம்பி?" என்று கேட்டாள். எனக்கு மனைவி மக்கள் இல்லை. இந்த மீசையைத் தவிர நான் எதையும் வளர்க்கவில்லை.

7. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, என்னை யூனான் என்றும் லாம்ப்ரோஸை ரூம் என்றும் மாற்றியெழுதி, சனிக்கிழமை ரயிலில் என்னை அனுப்பிவைக்குமாறு மன்றாடுகிறேன். எங்கள் வீட்டிலிருந்து ஒரு யூனான் போக வேண்டும், ஒருவன் போவான். அரசாங்கத்துக்கு இதில் குறைவேதும் வராது. முகம் ஒன்றுதான் என்பதால் சொல்லாமலே அவன் இடத்தில் ஏறிவிடலாம். திருட்டுத்தனம் வேண்டாம் என்றே தங்கள் உத்தரவைக் கேட்கிறேன். இந்த மனு லாம்ப்ரோஸுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னைப் பிடித்துப் பீப்பாயில் அமுக்கிவிடுவான்.

தங்கள் பதிலுக்காக நாளை காலை முதல் அலுவலக வாசலில் நிற்பேன். ஃப்ரோஸோ லாம்ப்ரோஸின் பயணப் பெட்டியைத் தன் கையாலேயே அடுக்குவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அடுக்கி முடித்தபின் திறந்து பார்த்தேன். அவன் சட்டைகள் எல்லாம் அலமாரியிலேயே இருக்கின்றன. பெட்டியில் இருப்பவை என்னுடையவை.

இடம்: குர்துலுஷ்
நாள்: 16 செப்டம்பர் 1964

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
அனெஸ்திஸ் அந்திரியோத்திஸ்
(இன்றுவரை ரூம்)